பத்துக்குப் பத்து கேட்ட ஊர்

கொன்றையம்புதூர் மக்கள் நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்துபோனது ஐப்பசி மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு. அப்போது அந்தப் பருவத்தின் முதல் மழை பெய்துகொண்டிருந்தது. ரத்தினசபாபதியின் தையல் கூடத்தில் நாற்பத்திரண்டு இயந்திரங்கள் பள்ளிச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருந்தன. தைத்துக்கொண்டிருந்த நாற்பத்திரண்டு பேரின் பாதங்களும் ஒரே கணத்தில் மிதிப்பலகையை விட்டு எழும்பி அந்தரத்தில் தொங்கியதால், விடுமுறை நாள் அல்லாத எந்த நாளிலும் ஓய்ந்தறியாத சத்தம் ஓய்ந்தது. அந்த அமைதியைக் கேட்டு, என்னவோ ஏதோவென்று தெருவுக்கு ஓடிவந்தவர்கள் தம் சேலையை மிதித்துத் தாமே விழுந்தார்கள்.

குறைந்தவர்கள் யார், குறையாதவர்கள் யார் என்பதில் ஊருக்கு ஒரு நாழிகைக்குமேல் ஐயம் இருக்கவில்லை. சித்திரை முதல் நாளன்று ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் நிற்கவைத்து, உயரமும் மார்பும் இடுப்பும் அளந்து, கூடத்தின் அளவு நோட்டில் எழுதிக்கொண்டு, ஆளுக்கொரு புத்தாடை தைத்துத் தருவது ரத்தினசபாபதியின் தகப்பனார் காலத்திலிருந்து வரும் வழக்கம். அந்த நோட்டில் பெயர் இருந்தவர்கள் எல்லாரும் குறைந்தார்கள். கதவுகள் குறையவில்லை, கட்டில்கள் குறையவில்லை, ஆடுமாடுகள் குறையவில்லை. துணைச் சுகாதார நிலையத்துக் குடியிருப்பில் தங்கியிருந்த செவிலியர் பிலோமினா, திண்டுக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்து ஆறே மாதம் ஆனவர், சித்திரையில் விடுப்பில் இருந்தவர், அவரும் குறையவில்லை. ஆனால் தையல்காரர்களின் கழுத்தில் காலமெல்லாம் மாலையாகக் கிடந்த அளவு டேப்புகள் அவரவர் கழுத்தோடு சேர்ந்து அதே வீதத்தில் குறைந்தன. ஆகவே, பதற்றம் தணிந்து ஒருவரை ஒருவர் அளந்து பார்த்தபோது, நோட்டில் இருந்த எண்ணே டேப்பிலும் வந்தது.

மறுநாள் விடியலில் ஊர் முழுவதும் மாகாளியம்மன் கோயில் முற்றத்தில் கூடியது. அங்கே ஊர் சார்பாக வாய்திறந்து கேட்கும் உரிமை ரத்தினசபாபதிக்கு மட்டுமே உண்டு. கூடத்தின் சுவரில் அவர் தகப்பனார் சிவப்பு எழுத்தில் எழுதிவைத்த ஒரே வாசகம் "பத்துக்குப் பத்து" என்பது. முதல் சலவையில் துணி நூற்றுக்குப் பத்துச் சுருங்கும், ஆதலால் வெட்டும்போது நூற்றுக்குப் பத்துக் கூட்டி வெட்டு என்பது அதன் பொருள். அந்தக் கூடத்தில் கத்தரி பிடித்த ஒவ்வொரு கையும் அந்த வாசகத்தைப் படித்துத்தான் துணியைத் தொட்டது. எனவே அவர் யோசிக்கவே இல்லை.

"தாயே, நூத்துக்குப் பத்து போச்சு. நூத்துக்குப் பத்து குடு."

கேட்டதைக் கேட்டபடி கொடுப்பவள் அந்தத் தெய்வம். கூட்டிக் கொடுத்ததும் இல்லை, குறைத்துக் கொடுத்ததும் இல்லை. மேகம் விலகியது, வெயில் விழுந்தது, ஊர் பத்து விழுக்காடு வளர்ந்தது. பாதங்கள் மிதிப்பலகையைத் தொட்டன. வியாழக்கிழமை மழை பெய்தது, ஊர் குறைந்தது. வெள்ளிக்கிழமை கேட்டார்கள், வளர்ந்தது. ஒரு நாள் மழை, ஒரு நாள் வெயில். ஒரு நாள் பத்து போகும், ஒரு நாள் பத்து வரும். போனதும் வந்ததும் சரியாகிவிட்டதென்று அளவு டேப்பும் சாட்சி சொன்னது. ஆறாம் நாள் ஆற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலம் மூழ்கி, ஊருக்கும் உலகுக்கும் இடையில் இருந்த ஒரே வழியும் அடைபட்டபோது, இந்தக் கோலத்தை வெளியார் பார்க்காதது நல்லதென்றே ஊர் நினைத்தது.

பழகிக்கொள்ள ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. மழை நாளுக்கென்று மிதிப்பலகைமேல் கட்டைகளை வைத்தார்கள். மழை நாளில் கல்யாணம் வைத்த ஒரு குடும்பத்தில் மாலை தரையில் புரண்டதால், மணமக்களை முக்காலியின்மேல் ஏற்றி நிறுத்தித் தாலி கட்டவைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஐந்து இட்லி தின்றவன் மூன்றரை இட்லியில் ஏப்பம் விட்டான். அதை நல்ல சகுனமாகக் கொண்டார்கள். பிறகு, வெயில் நாளிலும் மேல்தாழ்ப்பாள் எட்டாமல் போயிற்று. மழைக்கு மரம் ஊதிவிட்டது என்றார்கள். ஆடுகள் பெருத்தன, மேய்ச்சல் நன்றாக இருக்கிறது என்றார்கள். செவிலியர் பிலோமினா நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போனார். அதற்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை.

"நர்ஸம்மா, இப்படியே வளந்துக்கிட்டுப் போனீங்கன்னா உங்களுக்கு மாப்பிள்ளை பாக்கத் தென்னந்தோப்புக்குத்தான் போகோணும்" என்றாள் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பாவாயி.

"நான் வளரலம்மா. இருபத்தாறு வயசுல யாரு வளருவாங்க?" என்றார் பிலோமினா. எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். குணவதி அந்தக் கூடத்தின் கட்டிங் மாஸ்டர், முப்பத்தோரு வயது, எண்பது அடுக்குத் துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டுபவள், கல்யாணமாகி ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் கருவுற்று, முதல் மழையன்று எட்டாம் மாதத்தில் இருந்தாள். ஒவ்வொரு மழை நாளிலும் காலை பதினொன்றேகால் மணிக்கு, நீளம் போதாத தொட்டிலில் கால் நீட்டுவதுபோல, அவள் வயிற்றில் இருந்தது உதைத்தது. அதற்குப் பெயர் இல்லை, அளவு நோட்டில் இடம் இல்லை, எந்த டேப்பும் அதைத் தொட்டதில்லை. தாய் குறைந்தபோது அது குறையவில்லை.

இருபதாம் நாள், வெயில் நாள், பிலோமினா அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார். அளந்துவிட்டு அட்டையைப் பார்த்தார், மறுபடி அளந்தார்.

"அக்கா, ஆடியில நான்தான் எழுதினேன். நூத்தி ஐம்பத்தஞ்சு சென்டிமீட்டர். இன்னைக்கு நூத்தி நாப்பது."

"இன்னைக்கு வெயிலு. பத்து திரும்பி வந்தாச்சே?"

"என்ன வந்துச்சோ எனக்குத் தெரியாது. இந்த டேப் அரசாங்கம் கொடுத்தது, இது பொட்டிக்குள்ள இருந்துச்சு." அவர் குரல் தணிந்தது. "வயித்துல இருக்கறது நாளுக்கேத்த வளர்த்தியோட ஜோரா இருக்கு. நீங்கதான் சின்னதாகிட்டே போறீங்க. இப்படியே போனா, வலி எடுக்கறப்ப அது வெளிய வர்றதுக்கு வழி இருக்காது. ஆஸ்பத்திரிக்கும் இப்போ வழி இல்ல. நேத்து படகு விட்டுப் பாத்தாங்களாம், பாதி ஆத்துல திரும்பிட்டாங்க."

குணவதி வீட்டுக்குப் போகவில்லை. கூடத்துக்குப் போனாள். வெட்டு மேசையில், வெட்டுமாதிரி வரையும் பாட்டன் காகிதத்தைப் பரப்பி, சாக்குக் கட்டியால் நூறு என்று எழுதினாள். நூற்றில் பத்து விழுக்காடு பத்து, மீதி தொண்ணூறு என்று எழுதினாள். தொண்ணூற்றில் பத்து விழுக்காடு என்று எழுதத் தொடங்கி, பத்து என்று எழுதப்போன கையை நிறுத்தி, ஒன்பது என்று எழுதினாள். தொண்ணூற்றொன்பது. அந்த எண்ணை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தொண்ணூற்றொன்பதிலிருந்து மறுபடி பத்து, மறுபடி பத்து. பத்து மழைகளும் பத்து வெயில்களும் எழுதி முடித்தபோது தொண்ணூற்றுக்குச் சற்று மேலே நின்றது. நூற்று ஐம்பத்தைந்தை அந்த வீதத்தில் குறைத்துப் பார்த்தாள். நூற்று நாற்பது வந்தது. சாக்குக் கட்டி கையிலிருந்து விழுந்து உடைந்தது. குனிந்து எடுக்க வயிறு இடம் கொடுக்கவில்லை.

அன்று பிற்பகலே அவள், செவிலியர் அளந்ததையும் சேர்த்து, ரத்தினசபாபதியிடம் சொன்னாள். கூடம் முழுவதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"மொதலாளி, நாளைக்கு மழை பேஞ்சா நாளான்னைக்குப் பத்துக்குப் பத்து கேக்காதீங்க. பத்து போன பெறகு மிச்சம் தொண்ணூறு. அதுல ஒம்பதுல ஒரு பங்கு கேட்டாத்தான் பத்து வரும். நாம கேக்கறது பத்துல ஒரு பங்கு. ஒவ்வொரு தடவையும் நூத்துக்கு ஒண்ணு விட்டுப்போகுது."

"போனதும் பத்து பர்சென்ட், வந்ததும் பத்து பர்சென்ட். நடுவுல அந்த ஒண்ணை எவன் எடுத்துக்கிட்டுப் போனான் அம்மிணி?"

"எவனும் எடுக்கலீங்க. போனது பெருசுல பத்து, வந்தது சிறுசுல பத்து. ரெண்டும் ஒரே பத்து இல்லீங்க."

"மாசமா இருக்கறவ கணக்குப் போட்டா எல்லாத்துலயும் ஒண்ணு கொறையத்தான் செய்யும்" என்றாள் பாவாயி. கூடம் சிரித்தது. குணவதியின் கணவன் குழந்தைவேலு, துணி தேய்ப்பவன், தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைக்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

ரத்தினசபாபதி சிரிக்கவில்லை. துணி அறிந்தவர் அவர். அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று அவள் சொல்வதற்குமுன் அவருக்கே தெரிந்துவிட்டது.

"அப்ப நூறு அங்குலம் வேணும்னு நூத்திப்பத்து வெட்டறமே" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"நூத்திப்பத்துல பத்து பர்சென்ட் பதினொண்ணுங்க. சலவைக்கு அப்புறம் தொண்ணூத்தொம்பதுதான் நிக்கும். வேணும்னா இப்பவே ஒரு துண்டை நனைச்சுப் பாக்கலாங்க."

சிரிப்பு நின்றது. ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கூடத்திலிருந்து போன ஒவ்வொரு காற்சட்டையும் பாவாடையும் நூற்றுக்கு ஒன்று குட்டையாகப் போயிருக்கிறது என்பதும், அதைத் தாய்மார்கள் வீட்டில் மடிப்பைப் பிரித்துத் தைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள் என்பதும், அவர்கள் அதைப் பிள்ளை வளர்கிறான் என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறார்கள் என்பதும், சொல்லப்படாமலே அந்தக் கூடத்தின் நடுவில் வந்து நின்றன. ரத்தினசபாபதி சுவரைப் பார்த்தார்.

"எங்கப்பா போட்ட கணக்கைத் தண்ணியில முக்கிப் பாக்கறதா? அந்த நர்ஸோட டேப்பு நீண்டுபோச்சு. போய் வேலையைப் பாருங்க."

ஆகவே ஊர் தொடர்ந்து பத்துக்குப் பத்தே கேட்டது. கேட்டது தொடர்ந்து கிடைத்தது. ஒரு நாள் மழை, ஒரு நாள் வெயில். ஒவ்வொரு வெயிலுக்கும் நூற்றுக்கு ஒன்று. எவருக்கும் வலிக்காமல், எவரும் அழாமல், ஒருவரைவிட ஒருவர் குட்டையாகாமல், எல்லாரும் ஒரே வீதத்தில். தொளதொளத்துப்போன ஆடைகளை எல்லாரும் பிரித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டார்கள். எதற்காகப் பிடித்துத் தைக்கவேண்டியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை. குணவதி வாரந்தோறும் அரசாங்க டேப்பின் முன்னால் போய் நின்றாள். நூற்று முப்பத்தைந்து. நூற்று முப்பது. அவள் வயிறு மட்டும் ஊர் முழுவதிலும் பெரிதாகிக்கொண்டிருந்த ஒரே பொருளாக அவளுக்குமுன் நடந்துபோயிற்று. வெட்டு மேசை அவள் மார்புக்கு வந்தபோது, செங்கல் அடுக்கி ஏறி நின்று வெட்டினாள்.

நாற்பத்து நான்காம் நாள், வெயில் நாள், கார்த்திகை பதினாறு, புதன்கிழமை. அன்று காலை ஊருக்காகக் கேட்கப் போன ரத்தினசபாபதிக்குக் கோயில் மணி எட்டவில்லை. எக்கினார்; குதித்தார்; முடிவில் குடைக் கம்பால் தட்டி ஓசை எழுப்பினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் சிரிக்காததுதான் அவரை அஞ்சவைத்தது. வழக்கம்போல் கேட்டார், வழக்கம்போல் ஊர் வளர்ந்தது, வளர்ந்த பிறகும் மணி எட்டவில்லை.

நடுப்பகலில் குணவதிக்கு வலி கண்டது. கோயில் முற்றத்துக்கு எதிரே இருந்த துணைச் சுகாதார நிலையத்துக்கு அவளைப் பெண்கள் நால்வர் தாங்கிச் சென்றார்கள். மூன்று மணிக்குப் பிலோமினா வாசலுக்கு வந்தார். அவருடைய முகத்தில் ரத்தம் இல்லை.

"நூத்தி இருபத்துநாலு. தலை இறங்கவே இல்ல. இந்த இடுப்புல அந்தத் தலை வராது. விட்டா ரெண்டு உசுரும் போயிரும். என் கையில ஒண்ணும் இல்ல."

குழந்தைவேலு உள்ளே ஓடினான். குணவதி பேசும் நிலையில் இல்லை; ஆனால் அவள் கை பாட்டன் காகிதத்தின் நீண்ட துண்டு ஒன்றைப் பற்றியிருந்தது. அதை ஐந்து சமபங்காக மடித்திருந்தாள். ஐந்தாம் பங்கைப் பல்லால் கடித்துக் கிழித்திருந்தாள். இரண்டையும் அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"நூத்தி ஐம்பத்தஞ்சுல அஞ்சுல ஒண்ணு போச்சுங்க" என்றாள், ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில். "மிச்சம் நாலு. நாலுக்கு ஒண்ணு கேக்கச் சொல்லுங்க. இருபது கேட்டா பத்தாது."

ஒருபோதும் குரல் உயர்த்தாத குழந்தைவேலு, ஒரு கையில் காகிதமும் மறு கையில் செவிலியரின் டேப்புமாக முற்றத்தின் நடுவே வந்து நின்று, ஊரே திரும்பிப் பார்க்கும்படி முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவர் வந்ததும், டேப்பின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை அவர் உச்சிக்கு இழுத்தான்.

"நோட்டுல உங்களுக்கு நூத்தி எழுபதுங்க. இதுல நூத்தி முப்பத்தாறு. அஞ்சுல ஒண்ணு காணோம். எல்லாருக்கும் காணோம். உள்ள இருக்கறதுக்கு மட்டும் காணாமப் போகல."

பாவாயி தன் இரு கைகளையும் முகத்துக்கு நேராகப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து கோயில் கோபுரத்தையும், எதிரே நின்ற செவிலியரையும், சுவரோரம் படுத்திருந்த வெள்ளாட்டையும் பார்த்தார்கள். நாற்பத்து நான்கு நாள்களாக அவை வளர்ந்ததாக நம்பியவர்கள் அவற்றைப் பழைய அளவில் கண்டார்கள். எவரோ ஒருவர், ஆணா பெண்ணா என்று தெரியாத குரலில், "ஐயோ" என்றார். குழந்தைகளை இடுப்பில் வைத்திருந்தவர்கள் இறுகப் பற்றிக்கொண்டார்கள்.

"நூத்துக்கு இருபது போயிருக்குது" என்று பூசாரி சொன்னார். "இப்பவே கேளுங்க. இருபது கேளுங்க."

"இருபத்தஞ்சு" என்றான் குழந்தைவேலு.

"போனது இருபது, கேக்கறது இருபத்தஞ்சா? ஆத்தாகிட்ட அஞ்சு அதிகமா நீட்டறதுக்கு நமக்கு என்ன யோக்கியதை? அது பேராசை. இருக்கறதையும் புடுங்கிக்குவா!"

"ஆமா, போனது மட்டும் போதும்" என்றது கூட்டத்தின் பாதி. மற்றப் பாதி வாசலைப் பார்த்தது. அங்கிருந்து வந்த ஓலம் ஒரு பெண்ணுடையதாகத் தோன்றவில்லை.

ரத்தினசபாபதி காகிதத்தைக் கையில் வாங்கினார். கண்ணை நம்புவதைவிடக் கையை நம்பிப் பழகியவர்; ஆகவே கீழே உட்கார்ந்து, கிழிந்த துண்டை மீதித் துண்டின்மேல் வைத்து அளந்தார். ஒன்று. நகர்த்திவைத்தார். இரண்டு. மூன்று. நான்கு. நான்காவது முறை விளிம்போடு விளிம்பு பொருந்தியது. மிச்சம் எதுவும் இல்லை. ஐந்தில் ஒன்றாகக் கிழிந்தது அவர் கையில் நான்கில் ஒன்றாக நின்றது. அதே துண்டு, ஒரு நூல்கூடக் கூடவில்லை. இதே விரல்களால் அரை நூற்றாண்டு துணி அளந்தவர் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்; அப்போது அவர் கண்முன், எந்த ஊரென்று பெயர் தெரியாத பள்ளி மைதானங்களில், வரிசை வரிசையாக, கணுக்கால் தெரிய நின்றுகொண்டிருந்த பிள்ளைகள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மொதலாளி" என்றான் குழந்தைவேலு. அவன் இப்போது கத்தவில்லை. "ஒம்பது வருசங்க."

ரத்தினசபாபதி எழுந்தார். சந்நிதியைப் பார்த்து நின்றார். ஊர் கேட்க, தெய்வம் கேட்க, தகப்பனார் எங்கிருந்தாலும் அவரும் கேட்க, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நிறுத்திச் சொன்னார்.

"தாயே, இத்தனை காலமும் தப்பாக் கேட்டுட்டோம். தப்பா வெட்டிட்டோம். பத்துக்குப் பத்து கணக்கு தப்பு. போனது அஞ்சுல ஒண்ணு. இருக்கறதுல நாலுக்கு ஒண்ணு குடு. நூத்துக்கு இருபத்தஞ்சு."

பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். கூட்டம், பறிபோகப்போவதை எதிர்பார்ப்பதுபோல், ஒன்றாகக் கண்ணை மூடியது.

ஒன்றும் பறிபோகவில்லை. முதலில் ஒரு சத்தம் கேட்டது. படீரென்று, யாரோ சரவெடியின் முதல் வெடியைக் கொளுத்தியதுபோல. அது ரத்தினசபாபதியின் சட்டை முதுகில் தையல் விட்ட சத்தம். அடுத்து பாவாயியின் ரவிக்கைக் கை. அடுத்து பூசாரியின் அரைக்கச்சு. அடுத்து முன்வரிசை, நடுவரிசை, கடைசி வரிசை. பிடித்துத் தைத்த ஒவ்வொரு மடிப்பும், இறுக்கிப் போட்ட ஒவ்வொரு முடிச்சும், வரிசை வரிசையாக அறுந்து தெறிக்க, முற்றம் முழுவதும் மனிதர்கள் ஓங்கி எழுந்தார்கள். பொத்தான்கள் தரையில் உருண்டன. கிழிந்த துணிகளுக்குள் முழு அளவில் நின்றிருந்த அவர்கள் மூச்சு விடவும் மறந்து, எதிரே இருந்த ஒற்றை வாசலையே பார்த்தார்கள்.

வெகுநேரம் அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பிறகு வந்தது, மெலிந்து, சினந்து, இடைவிடாமல் ஒரு பிள்ளையின் அழுகை. உள்ளேயிருந்து குணவதியின் குரல், களைத்துக் கரகரத்து, "அவருகிட்டச் சொல்லுங்க, பொண்ணு" என்றது. முற்றத்தில் ஆணும் பெண்ணுமாக முந்நூறு பேர் கிழிந்த ஆடையில் நின்றார்கள். ஒருவரும் தம்மை மறைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை.